ஒலிப்பதிவும் காலக் கணக்கும்



பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் அணிவகுப்பு நடப்பதை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். முன்னே முரசு முழங்கும். அதன் ஒலிக்கேற்ப மாணவர்கள் வரிசை வரிசையாக நடந்து வருவார்கள். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் அத்தகைய அணிவகுப்பு ஒன்றைப் பழக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. முன்வரிசை மாணவர்கள் முரசின் அடிக்குச் சரியாகக் காலெடுத்து வைத்தனர். கடைசி வரிசை மாணவர்களோ, எத்தனை முறை சொல்லியும் பிந்தியே கால் வைத்தனர். அவர்கள் கவனக் குறைவானவர்கள் என்று நான் முடிவு கட்டி, அவர்களை மட்டும் வெயிலில் மீண்டும் மீண்டும் நடக்கச் செய்தேன். அதனைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த அறிவியல் ஆசிரியர் ஒருவர் என்னை அருகே அழைத்து, “தம்பி, பிள்ளைகள் மேல் குற்றமில்லை, ஒலி அவர்களிடம் போய்ச் சேர நேரமாகிறது” என்றார்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. முரசுக்கும் கடைசி வரிசைக்கும் இடையே 100 மீட்டர் இருந்தால், முரசின் ஒலி அங்கே சென்று சேர 0.29 வினாடி ஆகும். நிமிடத்திற்கு 120 அடி வீதம் நடக்கும் அணிவகுப்பில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி அரை வினாடிதான். ஆகவே கடைசி வரிசை மாணவன் தான் கேட்ட ஒலிக்கு மிகச் சரியாகக் கால் வைத்தாலும், முன்னால் நிற்பவர் கண்ணுக்குப் பாதி அடிக்கு மேல் பிந்தியவனாகவே தோன்றுவான். பிழை அவன் காலில் இல்லை. இடையிலிருக்கும் வழியில் இருக்கிறது.

இந்தச் சிறு நிகழ்ச்சியை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று கணிப்பொறி வைத்திருக்கும் எந்த மாணவனும் ஒலிப்பதிவு செய்யலாம். பாடலாம், நாடகம் நடிக்கலாம், பாட்டனார் சொல்லும் கதையைப் பதிந்து வைக்கலாம். இதற்கு உதவும் மென்பொருள்களில் ஆடாசிட்டி என்பது பலரும் அறிந்த ஒன்று. அமெரிக்க நாட்டிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸ்ஸோனி, ரோஜர் டானன்பெர்க் என்ற இருவர் 1999ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் இது பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. விலையின்றிக் கிடைப்பது, விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குவது. இதில் பதிவுப் பொத்தானை அழுத்துவது எளிது. ஆனால் அழுத்துவதற்கு முன் செய்து வைக்க வேண்டிய சில அமைப்புகள் உள்ளன. ஒலிக்கச் செய்தல், பதிதல், ஒத்திசைத்தல் என்று அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே; அதுதான் காலக் கணக்கு.

அந்தக் கணக்கை அறியாமல் நான் செய்த பிழை ஒன்றையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், எங்கள் ஊரில் எண்பது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் பாடும் ஏற்றப் பாட்டைப் பதிந்து வைக்க விரும்பினேன். பம்பு செட்டு வருவதற்கு முன், கிணற்றிலிருந்து ஏற்றத்தால் நீர் இறைத்தபோது பாடப்பட்டது ஏற்றப் பாட்டு. துலாவின் மேல் நடப்பவரும் கீழே நின்று சாலைப் பிடிப்பவரும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். ஒருவர் பிந்தினால் மற்றவர் தடுமாறுவார். அவர்கள் இருவருக்கும் கடிகாரமாக இருந்தது பாட்டு. எத்தனை சால் இறைத்தாயிற்று என்று எண்ணிக் காட்டுவதும் அதுவே. முதியவர் பாட, அவருடைய தோழர் ஒருவர் எதிர்ப்பாட்டுச் சொன்னார். பாடுபவர் முன்னால் மடிக்கணினியின் ஒலிவாங்கியை வைத்தேன். எதிர்ப்பாட்டுக்காரர் முன்னால் கைப்பேசியை வைத்தேன். ஒரு மணி நேரம் பாடினார்கள். முடிந்ததும் அந்தப் பெரியவர், “வாத்தியாரய்யா, பாட்டு நல்லாப் பதிஞ்சுதா?” என்று கேட்டார். நான் கேட்டுப் பார்க்காமலே, “நன்றாகப் பதிந்திருக்கிறது, ஐயா” என்று சொல்லிவிட்டேன்.

வீட்டிற்கு வந்து கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. குரல் மேலே ஏறிய இடங்களில் ஒலி கரகரத்தது. பதினொரு இடங்களில் பாட்டு ஒரு நொடிப்பொழுது அறுந்து, பின்னர் தொடர்ந்தது. கைப்பேசியின் பதிவை இதனுடன் சேர்த்தபோது தொடக்கத்தில் ஒத்திருந்த இரு குரல்களும் முடிவில் விலகி நின்றன. மீண்டும் ஒரு நாள் சென்று பதியலாம் என்று எண்ணியிருந்தேன். அந்த ஆண்டு மழைக்காலம் முடிவதற்குள் பெரியவர் காலமாகிவிட்டார்.

அந்த மூன்று பிழைகளும் ஒரே தரத்தவை அல்ல. எவை பின்னர் திருத்தக் கூடியவை, எவை ஒருபோதும் திருத்த முடியாதவை என்பதை அறிந்தால், எந்த அமைப்பை எவ்வளவு கவனமாகச் செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும். முதலில் கணிப்பொறி ஒலியை எவ்வாறு பதிகிறது என்று காண்போம்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒலிவாங்கி அந்த அதிர்வை மின் அலையாக மாற்றுகிறது. கணிப்பொறியோ எண்களை மட்டுமே அறியும். ஆகவே அந்த மின் அலையின் உயரத்தை ஒரு வினாடியில் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. இவ்வாறு எடுக்கப்படும் ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி எனப்படும். வினாடிக்கு எத்தனை மாதிரிகள் என்பது மாதிரி வீதம். மனிதச் செவி ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும். ஓர் அதிர்வைத் தவறின்றிக் குறிக்க, அதன் இரு மடங்கிற்கு மேற்பட்ட வீதத்தில் அளக்க வேண்டும் என்பது விதி. ஹாரி நைக்விஸ்ட் 1928இல் வெளியிட்ட ஆய்வும், கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரையும் இவ்விதிக்கு அடிப்படைகள். எனவே 40,000க்கு மேற்பட்ட ஒரு வீதம் தேவையாயிற்று.

வழக்கில் உள்ள வீதங்கள் இரண்டு: 44,100, 48,000. முதல் எண் விந்தையாகத் தோன்றுகிறதல்லவா? அதற்கும் ஒரு காரணம் உண்டு. எண்வழி ஒலிப்பதிவின் தொடக்க காலத்தில் அத்தனை எண்களைத் தாங்கக்கூடியது வீடியோ நாடா ஒன்றே. அதன் ஒவ்வொரு கோட்டிலும் 3 மாதிரிகளை எழுதினர். ஒரு புலத்திற்கு 245 கோடுகள், வினாடிக்கு 60 புலங்கள் என்ற முறையில் 3 × 245 × 60 = 44,100. ஐரோப்பிய முறையில் 294 கோடுகள், 50 புலங்கள். 3 × 294 × 50 என்பதும் அதே 44,100. இரு முறைக்கும் பொதுவாக அமைந்த இந்த எண்ணே 1982இல் வந்த குறுந்தட்டிற்கும் உரியதாயிற்று. 48,000 என்பது திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றோடு சேரும் ஒலிக்கு வழங்குவது.

இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் குற்றமில்லை. பதிவு முழுவதும் ஒரே வீதமாக இருத்தல் வேண்டும் என்பதே முக்கியம். 48,000 வீதத்தில் பதிந்ததைத் தவறுதலாக 44,100 என்று கொண்டு ஒலிக்கச் செய்தால், ஒரு மணி நேரப் பாட்டு 65 நிமிடம் 18 வினாடியாக நீளும்; சுருதியும் ஏறத்தாழ ஒன்றரைச் சுரத்தானம் இறங்கிவிடும். கோப்பில் வீதம் சரியாக எழுதப்பட்டிருந்தால் மென்பொருளே மாற்றிக்கொள்ளும். இருப்பினும் மென்பொருளிலும் விண்டோஸின் ஒலி அமைப்பிலும் ஒரே எண்ணை வைத்துவிடுவதே நல்ல பழக்கம்.

இனி அமைப்புகளுக்கு வருவோம். ஆடாசிட்டியில் எடிட் என்ற பட்டியலின் கீழ் பிரிஃபரன்ஸஸ் என்ற பகுதி உண்டு. அதனுள் ஒலிக்குரிய அமைப்புகள் இருக்கின்றன. பதிப்புக்குப் பதிப்பு பக்கங்களின் பெயரும் இடமும் சற்று மாறும், பொருள் மாறாது. அங்கே முதலில் ஹோஸ்ட் என்ற தெரிவைக் காண்பீர்கள். மென்பொருளுக்கும் ஒலிக் கருவிக்கும் நடுவே நின்று பேசும் தூதுவன் அது. விண்டோஸில் எம்.எம்.இ., டைரக்ட் சவுண்ட், வாஸபி என மூவர் உண்டு. எம்.எம்.இ. பழையது, பெரும்பாலான கருவிகளுடன் இணங்கிப் போவது. தொடக்கத்தில் அதனையே கொள்ளலாம். இடையூறு கண்டால் மற்றவற்றை மாற்றிப் பார்க்கலாம். மேக் கணிப்பொறியில் கோர் ஆடியோ ஒன்றே அப்பணியைச் செய்கிறது.

அடுத்தது ஒலிக்கச் செய்யும் கருவி. பதியும்போது இதனை ஹெட்போனாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்தால், அந்த ஒலியையும் ஒலிவாங்கி கேட்டு, புதிய பதிவில் பழையதும் கலந்துவிடும். ஹெட்போனிலும் கம்பியுள்ளதே வேண்டும். புளூடூத் ஹெட்போன் நூறு மில்லி வினாடிக்கு மேல் பிந்தி ஒலிப்பது வழக்கம். அதிலுள்ள ஒலிவாங்கியையும் சேர்த்துப் பயன்படுத்தினால், பெரும்பாலும் தொலைபேசித் தரத்திற்கு ஒலி இறங்கிவிடும்.

மூன்றாவது பதியும் கருவி. மடிக்கணினியின் உள்ளேயே ஒரு ஒலிவாங்கி இருக்கும். நீங்கள் வெளியே ஒன்றை இணைத்திருப்பீர்கள். மென்பொருள் எதைக் கேட்கிறது என்பதை உறுதி செய்தாக வேண்டும். எளிய வழி, ஒலிவாங்கியை விரல் நகத்தால் மெல்லத் தட்டிப் பார்ப்பது. அளவுகாட்டி துள்ளி எழுந்தால் அதுவே பதிகிறது. ஒருவர் பேசுவதற்கு ஒரு தடம் போதும். அங்கே மோனோ என்று தெரிவு செய்க. விண்டோஸ் தானே செய்யும் இரைச்சல் நீக்கம் முதலிய ஒலி மேம்பாடுகளை நிறுத்திவிடுங்கள். அவை பேச்சை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. தம்புராவின் தொடர்ந்த நாதத்தை இரைச்சல் என்று கருதி அழித்துவிடக் கூடும்.

பின்னர் ஒலியின் அளவு. அளவுகாட்டியில் வலக் கோடியில் இருப்பது 0 டெசிபெல். எண்வழிப் பதிவில் அதற்கு மேல் எண்ணே இல்லை. அலை அதற்கு மேலே செல்ல முயன்றால் அதன் முகடு வெட்டுண்டு தட்டையாகிவிடும். என் பதிவில் முதியவரின் குரல் கரகரத்தது இதனால்தான். உயர்ந்து ஒலிக்கும் இடத்திலும் அளவு −6 டெசிபெல்லைத் தாண்டாதபடி வைத்துக்கொள்க. அது முழு உயரத்தில் பாதி. பாடகர் சோதனையின்போது அடக்கியே பாடுவார். உணர்ச்சி வந்ததும் குரல் தானே உயரும். அதற்காகவே இந்த இடம் விட்டு வைக்கப்படுகிறது. மென்பொருள் 32 பிட் மிதவை எண் முறையில் சேமிக்கிறதே, அது காப்பாற்றாதா என்று சிலர் கேட்பர். அது பின்னால் செய்யும் திருத்த வேலைகளுக்கு உதவும். ஆனால் சாதாரணக் கருவியில், ஒலி எண்ணாக மாறும் வாயிலிலேயே வெட்டுண்ட முகட்டை அது திருப்பித் தராது.

இனி இடைத்தேக்கம் என்பதைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் பஃபர் என்பர். பள்ளிக்கூடத்து மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டு விட்டு நீரை ஏற்றுகிறது. குழாயிலோ நீர் இடையறாது வருகிறது. தொட்டி நடுவில் இருப்பதால்தான் இது இயலுகிறது. கணிப்பொறியும் அந்த மோட்டாரைப் போன்றது. ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்ப்பதால், விட்டு விட்டே ஒலிக்கு வந்து போகும். ஒலிக் கருவியோ வினாடிக்கு 44,100 மாதிரிகளைத் தவறாமல் கேட்கும். இரண்டிற்கும் நடுவே வைத்த தொட்டிதான் இடைத்தேக்கம். ஒலிக்கச் செய்யும்போது தொட்டி வறண்டுவிட்டாலும், பதியும்போது அது நிரம்பி வழிந்துவிட்டாலும், அந்தக் கணத்து ஒலி இல்லை. இதற்கு விடுபாடு என்று பெயர்.

தொட்டி பெரிதாக இருந்தால் விடுபாடு குறையும். ஆனால் உள்ளே சென்றது வெளியே வரத் தாமதமாகும். சிறிதாக இருந்தால் தாமதம் குறையும். விடுபாடு வரும் வாய்ப்பு மிகும். பாதுகாப்பும் விரைவும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆடாசிட்டியில் இதன் அளவு 100 மில்லி வினாடி என்று அமைந்து வரும். அதாவது 44,100 வீதத்தில் 4,410 மாதிரிகள். கணிப்பொறியிலேயே வாத்தியத்தை வாசித்து அதன் ஒலியை உடனே கேட்க விரும்புவோர் வேறு மென்பொருள்களில் 256 மாதிரி, 128 மாதிரி என்று குறைத்து வைப்பர். 256 மாதிரி என்பது ஏறத்தாழ 6 மில்லி வினாடி. ஒலிவாங்கி முன் பாடுகிறவருக்கு அத்தகைய விரைவு தேவையில்லை. அவர் தம் குரலைத் தம் செவியாலேயே கேட்கிறார். எனவே பாதுகாப்பின் பக்கமே சாய்ந்து நில்லுங்கள்.

என் பதிவில் பாட்டு அறுந்த பதினொரு இடங்களும் விடுபாடுகளே. அன்று நான் கோப்பை மெதுவான ஒரு பென் டிரைவிலேயே நேரடியாகச் சேமித்துக்கொண்டிருந்தேன்; பின்னணியில் கணிப்பொறி ஏதோ புதுப்பித்தலையும் இறக்கிக்கொண்டிருந்தது. விடுபாடு நேர்ந்த இடங்களை ஆடாசிட்டி குறியிட்டு எச்சரிக்கும். நான் அந்த எச்சரிக்கையையும் பார்க்காமல் மூடிவிட்டேன். பதியும்போது இணைய இணைப்பைத் துண்டியுங்கள். மற்ற மென்பொருள்களை மூடுங்கள். மடிக்கணினியை மின்சாரத்தில் இணையுங்கள். உள் வட்டிலேயே சேமியுங்கள்.

இப்போது ஒத்திசைவு. ஒருவரே முதலில் தாளத்தைப் பதிந்து, பின் அதனைக் கேட்டுக்கொண்டே பாடுவதாகக் கொள்வோம். பிற தடங்களைக் கேட்டுக்கொண்டே பதிதல் என்ற தெரிவு இதற்கு உண்டு. தாளம் கணிப்பொறியிலிருந்து தொட்டி வழியாக ஹெட்போனுக்கு வரச் சிறிது தாமதம். பாடுபவர் கேட்ட தாளத்திற்குச் சரியாகப் பாடுகிறார். அவர் குரல் ஒலிவாங்கியிலிருந்து தொட்டி வழியாகக் கணிப்பொறிக்குள் செல்ல மற்றொரு தாமதம். இரண்டும் கூடி, திரையில் குரல் தாளத்திற்குப் பிந்தி நிற்கும். கடைசி வரிசை மாணவனின் நிலை இப்போது பாடகருக்கு வந்துவிட்டது! தாளம் தெரியாதவர் என்று அவரைக் குறை கூறுவது, அன்று நான் செய்த தவற்றையே மீண்டும் செய்வதாகும்.

இது கணிப்பொறி காலத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. கிதார்க் கலைஞர் லெஸ் பால் 1948இல் வெளியிட்ட ‘லவர்’ என்ற பதிவில், தம் வாசிப்பின் மேல் தாமே மீண்டும் மீண்டும் வாசித்துப் பல வாத்தியங்கள் ஒலிப்பது போலச் செய்தார். பின்னர் நாடாவில் பல தடங்கள் வந்தபோது ஓர் இடர் எழுந்தது. நாடாவில் எழுதும் தலை ஓரிடத்திலும் படிக்கும் தலை சற்றுத் தள்ளியும் இருக்கும். நாடா வினாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடுகிறது, இரு தலைகளுக்கும் இடைவெளி 5 சென்டிமீட்டர் என்று கொண்டால், 0.13 வினாடி பிசகும். ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் 1950களின் நடுப்பகுதியில், எழுதும் தலையையே பழைய தடத்தைப் படிக்கவும் வைத்து இந்த இடரைக் களைந்தனர். இம்முறைக்கு செல்-சிங்க் என்று பெயரிட்டனர். இம்முறை அமைந்த எட்டுத் தடக் கருவி 1957இல் லெஸ் பாலிடமே வந்து சேர்ந்தது.

கணிப்பொறியில் தலைகளை நகர்த்த வேண்டியதில்லை. பிந்திய தடத்தை அதே அளவு பின்னோக்கி இழுத்தால் போதும். தாமத ஈடு என்ற அமைப்பு இதைத்தான் செய்கிறது. ஆடாசிட்டியில் −130 மில்லி வினாடி என்று அது அமைந்து வரும். ஆனால் உங்கள் கணிப்பொறிக்கு உரிய எண் வேறாக இருக்கலாம். அதனை நீங்களே அளந்தறியலாம்.

செய்முறை இது. தாமத ஈட்டை முதலில் 0 என்று வையுங்கள். ஜெனரேட் பட்டியலிலுள்ள ரிதம் டிராக் என்பதைக் கொண்டு டிக், டிக் என ஒலிக்கும் தாளத் தடம் ஒன்றை உண்டாக்குங்கள். ஹெட்போனின் ஒரு செவிப்புறத்தை ஒலிவாங்கியின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தத் தாளத்தை ஒலிக்கச் செய்தபடியே புதிய தடத்தில் பதியுங்கள். பின் திரையைப் பெரிதாக்கி, முதல் தடத்தின் ஒரு டிக் தொடங்கும் இடத்திற்கும் இரண்டாம் தடத்தில் அதே டிக் தொடங்கும் இடத்திற்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 150 மில்லி வினாடி பிந்தியிருந்தால், தாமத ஈட்டில் −150 என்று எழுதுங்கள். மறுபடியும் பதிந்து பாருங்கள். இரு டிக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். கருவியையோ ஹோஸ்டையோ மாதிரி வீதத்தையோ இடைத்தேக்கத்தையோ மாற்றினால் மீண்டும் அளந்துகொள்ளுங்கள்.

பதியும் குரலை மென்பொருள் வழியாகவே ஹெட்போனில் கேட்கும் தெரிவு ஒன்றும் உண்டு. அதனை நிறுத்தி வையுங்கள். தன் குரலே தாமதித்துத் தன் செவியில் விழுந்தால் பேசுபவர் நாவே தடுமாறும்.

இனி என் மூன்றாவது பிழை. இரண்டு கருவிகள் தனித்தனியே பதிந்தால், ஒவ்வொன்றும் தன்னுள் இருக்கும் கடிகாரத்தின்படியே மாதிரி எடுக்கிறது. எந்த இரு கடிகாரங்களும் முற்றிலும் ஒத்து ஓடுவதில்லை. ஒன்று வினாடிக்கு 44,100 எடுக்க, மற்றொன்று 44,102 எடுப்பதாகக் கொள்வோம். ஒரு நிமிடத்தில் இந்த வேறுபாடு செவிக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் அது 0.16 வினாடியாகப் பெருகிவிடும். தொடக்கத்தில் ஒத்து முடிவில் விலகிய என் பதிவுகளின் கதை இதுவே. ஒரே கணிப்பொறியில் இரண்டு யு.எஸ்.பி. ஒலிவாங்கிகளைச் செருகினாலும் கடிகாரங்கள் இரண்டுதான். இரண்டு ஒலிவாங்கிகளை ஏற்கும் ஒரே இணைப்புக் கருவியைப் பயன்படுத்தினால் கடிகாரம் ஒன்றாகிவிடும். பெரிய பதிவுக் கூடங்களில் பல கருவிகளையும் ஒரே தலைமைக் கடிகாரத்தோடு கம்பியால் இணைத்துவிடுவர்.

அவ்வசதி இல்லாதோர்க்குத் திரைப்படக்காரர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. படம்பிடிக்கும்போது பலகையைத் தட்டுகிறார்களே, படத்தையும் ஒலியையும் பின்னர் பொருத்துவதற்கான அடையாளம் அது. நீங்கள் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் இரு கருவிகளும் கேட்கும்படி பலமாகக் கைதட்டுங்கள். முதல் தட்டல்களைப் பொருத்தி வைத்துவிட்டு, கடைசித் தட்டல்கள் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். விகிதத்தைக் கணக்கிட்டு, ஒரு தடத்தின் வேகத்தை அந்த அளவிற்கு மாற்றினால் இரண்டும் முழுவதும் ஒத்துவிடும். நான் கைதட்டவில்லை, பாட்டிலேயே இருவரும் சேர்ந்து சொன்ன ஓரிரு எழுத்துகளைத் தேடிப் பிடித்து, பல நாள் உழைத்துப் பொருத்தினேன்.

இப்பொழுது மூன்று பிழைகளையும் எடை போடுங்கள். தாமதம் திருத்தக் கூடியது. கடிகார விலகலும், உழைத்தால் திருத்தக் கூடியது. ஏனெனில் அவ்விரண்டிலும் ஒலி இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. முகடு வெட்டுண்டதும் இடையே விடுபட்டதும் அப்படியல்ல. அங்கே ஒலியே இல்லை. இல்லாததை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்பலாம், அவ்வளவே. அந்த ஊகம் பாடியவரின் குரல் ஆகாது.

ஆகவே முறை இது: அளவையும் இடைத்தேக்கத்தையும் சேமிக்கும் இடத்தையும் முதலில் கவனியுங்கள், தாமத ஈட்டை அடுத்துக் கவனியுங்கள். பின்னர், பாடுபவரை உரத்த குரலிலேயே ஐந்து நிமிடம் பாடச் செய்து பதிந்து, ஹெட்போனில் முழுவதும் கேட்டுப் பாருங்கள். அதன் பின்னரே உண்மைப் பதிவைத் தொடங்குங்கள். முடிந்ததும் அவர் எழுந்து போகுமுன் மீண்டும் ஒருமுறை ஆங்காங்கே கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டிலும் தாலாட்டு அறிந்த பாட்டி இருப்பார். பழைய நிகழ்ச்சிகளைச் சொல்லக்கூடிய தாத்தா இருப்பார். அவர்களை நீங்கள் பதிய வேண்டும் என்பதே என் விருப்பம். பதிந்து முடிந்ததும் அவர்கள் உங்களைப் பார்த்து, “நன்றாகப் பதிந்ததா?” என்று கேட்பார்கள். கேட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.